அசையும் நினைவிடம்

தளபதி கோதண்டபாணி விருத்தாசலத்தில் இருந்தது ஒரே ஒரு மத்தியானப் பொழுது. அந்தப் பொழுதில் அவர் மனிதர் யாரையும் கொல்லவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் அவருக்கு நினைவிடம் தேடி வந்தவர்கள் அதை ஒரு குறையாகவே நினைத்து வருத்தப்பட்டார்கள்.

அறுபத்தைந்தில் சண்டை மூண்ட சமயம். பட்டாளத்தை ஏற்றிக்கொண்டு வடக்கே போன ரயில் ஜங்ஷனில் என்ஜின் கெட்டு நின்றுவிட்டது. எதிரியை அடிக்கக் கிளம்பிய மனிதர் பிளாட்பாரத்தில் எவ்வளவு நேரம்தான் சும்மா உலாத்துவார்? முதலில் தண்ணீர்ப் பந்தலில் இருந்த பானைகளை உதைத்து உடைத்தார். பிறகு ஜங்ஷன் வாசலில் டீக்கடை வைத்திருந்த கியாசுதீன் பாய் சர்க்கரையைக் கூடுதலாகப் போட்டுவிட்டார் என்று கொதிக்கிற பாய்லரை எட்டி உதைத்தார். பாயின் வலது கால் முழங்கால் வரைக்கும் வெந்தது. அங்கிருந்து ஊரைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியவர், கடைத்தெருவில் குறுக்கே வந்த கழுதையைச் சுட்டார். கழுதை அடுத்த தெரு வரை ஓடிப் போய்ச் செத்தது. கடைசியாக அவர் போய்ச் சேர்ந்த இடம் பீங்கான் கம்பெனி.

சாமிக்கண்ணுவுக்கு அங்கேதான் வேலை. அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. அச்சிலிருந்து எடுத்த ஊறுகாய் ஜாடிகளை, ஈரம் காயாத பச்சை மண்ணாக இருக்கும்போதே, நீளப் பலகையில் வரிசையாக அடுக்கித் தோளில் சுமந்து உலர்த்தும் கொட்டகைக்குக் கொண்டுபோவார்கள். பலகையோடு வருகிறவன் நிற்கக்கூடாது, ஒதுங்கக்கூடாது, குனிந்து கும்பிடவும் கூடாது. பச்சை ஜாடி லேசாகக் கோணினாலும் சூளையில் வெடித்துத் தொலையும். அதனால் பலகை வந்தால் முதலாளியே ஆனாலும் வயிற்றை எக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்று வழிவிடுவார். சாமிக்கண்ணு வலது தோளில் பலகையோடு வந்தான். எதிரே தொப்பியும் பதக்கமுமாக ஒருவர் வருவதைப் பார்த்தான். ஒதுங்கிவிடுவார் என்று நம்பி நேரே நடந்தான்.

தளபதி ஒதுங்கவில்லை. விட்டார் ஒரு அறை. இடது கன்னத்தில் பொளேர் என்று விழுந்ததில் சாமிக்கண்ணுவுக்குப் பொறி கலங்கி, கண்ணில் பூச்சி பறந்தது. ஆனால் பலகையில் ஒரு ஜாடி அசையவில்லை. தளபதி ஜாடிகளைப் பார்த்தார், சாமிக்கண்ணுவைப் பார்த்தார், "இவன் பட்டாளத்துக்குத் தேறுவான்" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். அதற்குள் என்ஜின் சரியாகிவிட்டது. சாமிக்கண்ணுவின் இடது காதில் ஙொய்யென்று ஒரு சத்தம் நுழைந்து ரொம்ப நாள் குடியிருந்தது. அது காலி செய்துகொண்டு போனபோது கேட்கிற சக்தியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

தளபதி அந்தச் சண்டையில் ஏதோ ஒரு குன்றைப் பிடித்தார். அவர் ஆட்களில் பாதிப்பேர் திரும்பி வரவில்லை. குன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்பதும் உண்மைதான், ஆனாலும் பிடித்தது பிடித்ததுதானே. எழுபதில் அவர் காலமானார். சமையற்காரனை அடிக்கத் துரத்தியபோது மாடிப்படியில் கால் வழுக்கிவிட்டது. நாடே அழுதது, சமையற்காரன் மட்டும் சொந்த ஊருக்குப் போய்விட்டான்.

எழுபத்திரண்டில் 'தளபதி கோதண்டபாணி நினைவிடங்கள் பாதுகாப்பு வாரியம்' என்று ஒன்று பிறந்தது. விருத்தாசலத்துக்குத் தனி அதிகாரியாக வந்தவர் ராஜமாணிக்கம். அதற்கு முன் ஏரிகளைப் பாதுகாக்கும் பிரிவில் இருந்தவர். அவர் பாதுகாத்த ஏரிகளில் இப்போது பஸ் நிற்கிறது. அவர் முதல் காரியமாகப் பானை உடைந்த இடத்துக்கு வேலி போட்டார். கழுதையைச் சுட்ட இடத்துக்கு ஒரு கல், கழுதை செத்த இடத்துக்கு ஒரு கல் நட்டார். பிறகு கியாசுதீன் பாயைத் தேடிப் போய்க் காலைப் பார்த்தார். பாய் வெள்ளந்தி மனிதர். அதிகாரி காலைத் தடவிப் பார்த்ததும் நஷ்ட ஈடு வரப்போகிறது என்று நினைத்துவிட்டார். நல்லது நடந்தால் நாலு பேருக்கு நடக்கட்டுமே என்று, "என் காலு மட்டும் இல்ல சார், நம்ம சாமிக்கண்ணு கன்னமும் இருக்குது" என்று சொல்லித் தொலைத்தார்.

ஜீப் சாமிக்கண்ணு வீட்டு வாசலில் வந்து நின்றது. ராஜமாணிக்கம் அவனை வெளிச்சத்தில் நிறுத்தி முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"எந்தக் கன்னம்?"

"எடது சார்."

"இன்னும் வலிக்கிறதா?"

"வலி எப்பவோ போயிட்டுது சார். காதுதான் கேக்கல. அதுக்கு எதனா வைத்தியம் பண்ணுவீங்களா?"

"காது வாரியத்தின் வரம்புக்குள் வராது. கன்னம் மட்டும்தான்" என்றார் ராஜமாணிக்கம்.

சட்டப்படி நினைவிடம் என்றால் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். சாமிக்கண்ணுவின் கன்னமோ வேலைக்குப் போகிறது, சந்தைக்குப் போகிறது, கொல்லைக்கும் போகிறது. சென்னையில் வக்கீல்கள் உட்கார்ந்து யோசித்து, 'அசையும் நினைவிடம்' என்று புதிதாக ஒரு வகையை உண்டாக்கினார்கள். அவன் வேலை செய்த கம்பெனியிலேயே ஒரு பீங்கான் பலகை சுட்டு, கயிறு கோத்து அவன் கழுத்தில் மாட்டினார்கள். 'இது பாதுகாக்கப்பட்ட இடம். சேதப்படுத்துவோர் தண்டிக்கப்படுவர்' என்று அதில் எழுதியிருந்தது. சவரம் செய்ய மாதம் ஒரு சோப்புக் கட்டி வந்தது. தாடி வளர்க்கத் தடை. ஊர் எல்லையைத் தாண்ட வேண்டுமானால் முன் அனுமதி வேண்டும். காவலுக்குத் தங்கதுரை என்று ஒருவனைத் தடியோடு நியமித்தார்கள். தங்கதுரை கெட்டவன் இல்லை, ஆனால் வேலையில் ரொம்பச் சுத்தம். நீலாவதி தன் புருஷன் முகத்தில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையை எடுக்கப் போனபோது அவள் மணிக்கட்டில் ஒன்று போட்டான். ஒருநாள் கன்னத்தில் கொசு உட்கார்ந்தது. சாமிக்கண்ணு ஞாபகமில்லாமல் தன் கையாலேயே படாரென்று அடித்துக்கொண்டான். நினைவிடத்தைத் தாக்கிய குற்றத்துக்காக அவன் முட்டியைத் தங்கதுரை பெயர்த்துவிட்டான். கொசு பறந்துவிட்டது.

"என் புருஷன் மூஞ்சிய நான் தொடக்கூடாதா? என்னாய்யா ஞாயம் இது?" என்று நீலாவதி கேட்டாள்.

"வலப்பக்கம் தொட்டுக்கங்க அக்கா. அது இன்னும் கவர்மெண்டு எடுத்துக்கல" என்றான் தங்கதுரை.

முதல் நினைவு நாள் வந்தது. நடந்ததை நடந்தபடியே நடத்திக் காட்டுவது என்று வாரியம் தீர்மானித்திருந்தது. காலையில் பானைகளை உடைத்தார்கள். ஒரு புதுக் கழுதையைச் சுட்டார்கள். பாய்லர் விஷயத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் போதுமே என்று கியாசுதீன் பாய் கெஞ்சிப் பார்த்தார். வெந்நீர் இல்லாத வரலாறு திரிக்கப்பட்ட வரலாறு என்று சொல்லிவிட்டார்கள். பாய் அலறிய அலறல் மணிமுத்தாற்றின் அக்கரைக்குக் கேட்டது. மத்தியானம் கம்பெனி முற்றத்தில் பந்தல் போட்டு, சாமிக்கண்ணுவைப் பச்சை ஜாடிப் பலகையோடு நிறுத்திவிட்டு, ராஜமாணிக்கம் பேசினார்.

"பெரியோர்களே, தளபதியின் தலைமைப் பண்பு எது என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். எதிரியை அடிக்க யாராலும் முடியும். ஆனால் எதிரி திருப்பி அடிப்பான். அதில் காலமும் ஆளும் வீண். திருப்பி அடிக்க முடியாதவனைப் பார்த்தவுடனே கண்டுபிடித்து, காரணம் தேடிக் காலம் கடத்தாமல் அடிப்பவரே தலைவர். இதோ நிற்கிறானே, இவனுடைய இரண்டு கையும் பலகையில் இருக்கின்றன. ஆயிரம் பேர் நடுவில் தளபதி இவனைத் தேர்ந்தெடுத்தார். அந்தக் கூர்மை நமக்கு வருமா? வராது. ஆனால் முயற்சி செய்யலாம்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பிறகு பெரிய மனிதர்கள் வரிசையில் வந்து மரியாதை செலுத்தினார்கள். ஓய்வு பெற்ற கர்னல் ஒருவர், அரிசி மில் முதலாளி, பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் என்று ஆளுக்கு ஒரு அறை. தலைமையாசிரியர் தொழில் பழக்கத்தில் காதையும் சேர்த்துத் திருகினார். அரிசி மில்காரர், போட்டோ சரியாக விழவில்லை என்று இன்னொரு தடவை அறைந்தார். சாமிக்கண்ணு வாயில் வந்த ரத்தத்தை முழுங்கிக்கொண்டு நின்றான். எப்படியும் செத்துப்போன காதுப் பக்கம்தானே, வருஷத்துக்கு ஒரு நாள்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

பாய் அப்படித் தேற்றிக்கொள்ளவில்லை. கால் ஆறி எழுந்ததும் கடையை விற்றுவிட்டுத் துபாய்க்குக் கப்பலேறிவிட்டார். ஒரு நினைவிடம் நாடு விட்டுப் போனதில் வாரியத்துக்கு ஏற்பட்ட அவமானம் கொஞ்சநஞ்சமல்ல. அன்றிலிருந்து நினைவிடங்களை ஊரைவிட்டு வெளியே கொண்டுபோவது சிலைக் கடத்தலுக்குச் சமம் என்று அறிவித்தார்கள்.

அடுத்த வருஷம், கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்குப் பிறகு, நீலாவதி முழுகாமல் இருந்தாள். சாமிக்கண்ணுவுக்குத் தலைகால் புரியவில்லை. ராத்திரி அவள் வயிற்றில் வலது காதை வைத்துப் படுத்துக்கொள்வான். உள்ளே என்னென்னவோ சத்தம் கேட்கும். இருக்கிற ஒரு நல்ல காதாவது நிலைக்குமா என்று ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டினான். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"எடது காது முடிஞ்சி போச்சி. வலது காதுல ஜவ்வு மெலிசா இருக்குது. பத்தரமா வச்சிக்க. ஒரு அடி பட்டாலும் அதுவும் போயிடும்."

"எடதுல மட்டும்தான் அடிக்கிறாங்க டாக்டர்" என்று சாமிக்கண்ணு தைரியமாகச் சொன்னான்.

அந்தத் தைரியத்தில் மண் விழுந்தது. வாரியம் ஒரு வரலாற்று மாநாடு கூட்டியது. அர்ச்சுனன் என்று ஒரு பேராசிரியர், தளபதி இடது கையால் கையெழுத்துப் போடும் போட்டோ ஒன்றைத் தூக்கிக் காட்டினார். இடது கைக்காரர் எதிரே நிற்பவனை அறைந்தால் வலது கன்னத்தில்தான் விழும் என்பது அவர் ஆராய்ச்சி. எதிர்க்கட்சிப் பேராசிரியர், எழுதுகிற கை வேறு அறைகிற கை வேறு என்றார். அர்ச்சுனன் அதை மேடையிலேயே நிரூபிக்கச் சொன்னார். அவர் நிரூபித்தார். அதன் பிறகு நாற்காலிகள் பறந்தன, ஒருவருடைய பல் மைக்கில் போய் ஒட்டிக்கொண்டது. ரத்தம் துடைத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகு, ஓரமாக நின்ற சாமிக்கண்ணு கையைத் தூக்கினான்.

"ஐயா, அடிபட்டது நான்தானுங்க. எடதுலதான் அடிச்சாரு."

"அடிபட்டவன் சாட்சியம் உணர்ச்சிவசப்பட்டது" என்றார் அர்ச்சுனன், மூக்கில் பஞ்சை அழுத்திக்கொண்டு. "வரலாற்றுக்கு ஆகாது."

ராஜமாணிக்கம் சமரசம் செய்து வைத்தார். சென்ற வருஷம் இடது கன்னம், இந்த வருஷம் வலது கன்னம். இரண்டு தரப்பும் கை குலுக்கின.

சாமிக்கண்ணு ராஜமாணிக்கம் வீட்டுக்கே போய்க் காலில் விழுந்தான். "சார், வலது பக்கம் வேணாம் சார். எடதுல எத்தினி வேணா அடிச்சிக்கங்க. இந்த ஒரு காதுதான் சார் இருக்குது. கொழந்த பொறக்கப் போவுது. அது அழுவுறத நான் கேக்கணும் சார்."

ராஜமாணிக்கம் அவனைத் தூக்கி நிறுத்தவில்லை, ஆனால் அன்பாகத்தான் பேசினார். "எனக்கும் குழந்தைகள் இருக்கின்றன, சாமிக்கண்ணு. அவை அழுதால் எனக்குத் தூக்கம் கெடுகிறது. நீ கொடுத்துவைத்தவன்."

"பலகைய வலது தோளுல வச்சிருந்தேன் சார். அந்தக் கன்னத்த ஜாடி மறைக்கும். அங்க எப்படி சார் அடி விழும்?"

அதிகாரி தலையை ஆட்டினார். "நல்ல கேள்வி. பலகையை இடது தோளுக்கு மாற்றிக்கொள்."

அன்று சாயந்திரமே சாமிக்கண்ணு நீலாவதியைக் கூட்டிக்கொண்டு, தங்கதுரை டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, பஸ் ஏறிவிட்டான். கம்மாபுரத்தில் மாமியார் ஆதிலட்சுமி வீட்டில் நெல் குதிருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவனை மறுநாள் ஜீப்பில் வந்து பிடித்தார்கள். நினைவிடத்தைக் கடத்தியதாக வழக்கு. ஸ்டேஷனில் முதலில் கொஞ்சம் குழப்பம். கடத்தல்காரனை அடிக்க வேண்டும், கடத்தப்பட்ட பொருளைப் பத்திரமாக வைக்க வேண்டும், இரண்டும் ஒரே ஆளாக இருக்கிறானே என்று ஏட்டு தலையைச் சொறிந்தார். கடைசியில் கழுத்துக்குக் கீழே கடத்தல்காரன், கழுத்துக்கு மேலே அரசாங்கச் சொத்து என்று பிரித்துக்கொண்டார்கள். கீழே லத்தியால் விளாசினார்கள். இரண்டு விலா எலும்பு விட்டுப்போயிற்று, உள்ளங்கால் இட்லி போல உப்பிப்போயிற்று. மேலே வேர்க்கும்போதெல்லாம் ஒரு போலீஸ்காரர் சுத்தமான துணியால் ஒற்றியெடுத்தார்.

இரண்டாவது நினைவு நாளுக்கு வாரியத் தலைவரே சென்னையிலிருந்து வந்தார். பட்டாளத்தில் குத்துச்சண்டை போட்டவர், இடது கைக்காரர். அர்ச்சுனன் அவர் கையைப் பிடித்துப் பார்த்துப் பரவசப்பட்டார். பந்தலில் மேளம் முழங்கியது. நொண்டிக்கொண்டே வந்த சாமிக்கண்ணுவின் இடது தோளில் பலகையை ஏற்றினார்கள். பலகையைத் தூக்கி அந்தத் தலைவர் தலையிலேயே போட்டிருக்கலாமே என்று பிறகு டீக்கடைகளில் எல்லாரும் கேட்டார்கள். கேட்பதற்கு என்ன? பச்சை ஜாடியைக் கீழே போடாதே, போடாதே என்று வருஷக்கணக்காகப் பழகின உடம்பு அவனுடையது. மனசு போடு என்றது, கை பிடித்துக்கொண்டது.

ராஜமாணிக்கம் ஒலிபெருக்கியில் தளபதி குன்றைப் பிடித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "முன்னேற மறுத்த சொந்தச் சிப்பாய்களைத் தளபதி பின்னாலிருந்து சுட்டார். அதனால்தான் அவர்கள் அவ்வளவு வேகமாக ஓடினார்கள். இன்று நம் அலுவலகங்களில் அந்த வேகம் உண்டா?" என்று கேட்டு நிறுத்தினார். தலைவர் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, தோளை இரண்டு சுற்றுச் சுற்றி, ஓங்கி அறைந்தார்.

சாமிக்கண்ணு விழவில்லை. பழக்கமில்லாத தோள் என்பதால் ஒரே ஒரு ஜாடி சரிந்து கீழே விழுந்தது. பச்சை மண் ஜாடி விழுந்தால் சத்தம் பெரிதாக வராதுதான். ஆனால் கொஞ்சம்கூட வரவில்லை. நாயனக்காரன் கன்னம் உப்ப வாசிப்பது தெரிந்தது. ஜனங்கள் கையைச் சேர்ப்பதும் பிரிப்பதும் தெரிந்தது. ராஜமாணிக்கம் விழுந்த ஜாடியைக் காட்டிக் கோபமாக ஏதோ சொன்னார். வலது காதிலிருந்து சூடாக ஒழுகியது கழுத்துப் பலகையில் சொட்டியது. சாமிக்கண்ணு மீதி ஜாடிகளைக் கொட்டகைக்குக் கொண்டுபோய்ப் பத்திரமாக இறக்கி வைத்துவிட்டு, சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். தன் அழுகை தனக்கே கேட்கவில்லை.

அடுத்த வாரம் நீலாவதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்து சாமிக்கண்ணு குழந்தையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். வாய் திறக்கும், முகம் சிவக்கும், தொண்டை துடிக்கும். இப்போது அழுகிறதா, கொட்டாவி விடுகிறதா என்று நீலாவதியின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வான். அவளும் அவனுக்கு மறைத்து மறைத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

மூன்றாம் நாள் ராஜமாணிக்கம் பழத்தட்டோடு வந்தார். கட்டிலருகே நின்று சிரித்த முகமாகப் பேசத் தொடங்கினார். அவர் உதடு அசைவதைத் தவிர சாமிக்கண்ணுவுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் சொன்னது இதுதான்.

"வாரியம் மிகவும் மகிழ்ச்சி அடைகிறது அம்மா. உன் புருஷனுடைய இரண்டு கன்னமும் வீங்கி, உரு மாறிவிட்டன. பழுதான நினைவிடத்தை வைத்துக்கொண்டு நாங்கள் விழா நடத்த முடியாது. வாரிசு முறைப்படி இந்தக் குழந்தையின் கன்னத்தைப் பதிவு செய்யச் சொல்லித் தலைவர் ஆணையிட்டிருக்கிறார். பயப்படாதே, இப்போதே இல்லை. பல் முளைக்கட்டும். முதல் சில வருஷங்களுக்கு லேசாகத்தான் அறைவார்கள்."

சொல்லிவிட்டு, எந்தக் கன்னம் வாகானது என்று பார்ப்பதற்காகக் குனிந்து, குழந்தையின் முகத்தைத் திருப்பக் கையை நீட்டினார்.

நீலாவதி குழந்தையைச் சாமிக்கண்ணு மடியில் போட்டாள். பச்சை உடம்போடு கட்டிலை விட்டு இறங்கினாள். அவள் கை போனதும் வந்ததும் சாமிக்கண்ணுவுக்குத் தெரிந்தது. ராஜமாணிக்கத்தின் மூக்குக் கண்ணாடி எதிர்க் கட்டிலுக்குப் பறந்தது. அவர் ஒரு சுற்றுச் சுற்றி, பழத்தட்டின் மேல் உட்கார்ந்தார். உதட்டோரம் ரத்தம் வந்தது. வார்டில் இருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எல்லாக் குழந்தைகளும் வாயைத் திறந்தன. மடியிலிருந்த குழந்தையின் வாயும் திறந்து, அதன் அழுகை சாமிக்கண்ணுவின் தொடையில் அதிர்ந்தது.

சாமிக்கண்ணு நீலாவதியின் முந்தானையைப் பிடித்து இழுத்தான். காது போனவர்களுக்கே உரிய பெரிய குரலில் கேட்டான்.

"சத்தம் கேட்டுச்சா?"

அவள் மூச்சு வாங்கிக்கொண்டே தலையை ஆட்டினாள்.

"எனக்குக் கேக்கல நீலா" என்றான் சாமிக்கண்ணு. "இன்னொரு வாட்டி அடி."

நீலாவதி ராஜமாணிக்கத்தின் சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள்.